பேனாவை உருக்கினா எந்த ஸ்க்ரூவும் திறக்குமா?

திறக்காத டப்பா · மார்ச் 3, இரவு 9.12

சின்ன எலெக்ட்ரானிக்ஸ் திறக்க விசேஷ பிட் (திருப்புளி முனை) எதுவும் வாங்க வேண்டாம். பிளாஸ்டிக் பேனாவையோ டூத்பிரஷ் காம்பையோ உருக்கி ஸ்க்ரூ தலையில் அழுத்தி ஆறவிட்டா அச்சு அப்படியே பதிஞ்சிடும், அதை வச்சே கழட்டிடலாம். என் கணக்கு இதுதான். கையில் இருக்கிறது: ஒரு பழைய கேம் பாய் கேசட், நின்டெண்டோ ஸ்விட்ச்சோட ஜாய்கான் கன்ட்ரோலர், முக்கோணத் தலை ஸ்க்ரூ போட்ட ஒரு சார்ஜர், ஒரு ஐபோன். நாலுக்கும் ஒரே பேனா. தப்புன்னா சொல்லுங்க.

அரம்பிடித்தவன் · மார்ச் 3, இரவு 9.50

நாலில் ஒண்ணுக்குச் சரி. கேசட்டுக்கு மட்டும்.

கேசட்டில் இருக்கிறது 3.8 மிமீ கேம்பிட் ரக ஸ்க்ரூ. அதில் தலைக்கு நடுவில் குழி கிடையாது, தலையோட வெளிச்சுற்றில்தான் பள்ளங்கள். அதனால் குழாய் மாதிரி ஒண்ணு வெளியிலிருந்து கவ்வினால் போதும். பேனா ஏற்கெனவே குழாய்தான்.

மற்ற மூணிலும் குழிக்குள்ளே குச்சி போகணும். ஐபோனோட அடியில் இருக்கிற அஞ்சிதழ் ஸ்க்ரூ 0.8 மிமீ. ஒரு உருளைக்கம்பி தாங்குற முறுக்கு விட்டத்தோட மும்மடியைப் பொறுத்தது. 8 மிமீ பிளாஸ்டிக் கம்பியை 0.8 ஆக்கினால் விட்டம் பத்தில் ஒண்ணு, பலம் ஆயிரத்தில் ஒண்ணு. ஸ்க்ரூ அசையறதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் முனை முறிஞ்சு குழிக்குள்ளேயே தங்கிடும். அப்புறம் அதை ஊசியால் தோண்டணும்.

அரம்பிடித்தவன் · மார்ச் 3, இரவு 10.05

பேனா வேலையைச் செய்யுற முறை, விட்டுப்போச்சு:

ரீஃபிலையும் பின்மூடியையும் எடுத்துடுங்க. கேசட்டோட குழிக்குள் தடையில்லாமல் நுழையுற தடிமனில் பேனா வேணும், முதலில் குளிராகவே நுழைச்சுப் பாருங்க. ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்க, இல்லேன்னா பிளாஸ்டிக் தலையோட ஒட்டிக்கும். பேனா முனையைச் சுடருக்கு 2, 3 செமீ மேலே பிடிச்சு உருட்டுங்க. சுடருக்குள்ளே வச்சா கரி பிடிச்சு நுரைக்கும், அச்சு பதியாது. விளிம்பு பளபளன்னு ஆகி லேசா உள்பக்கம் சுருங்க ஆரம்பிச்சதும் நேரா இறக்கி அழுத்துங்க. திருப்பக் கூடாது. அரை நிமிஷம் அழுத்தம், ரெண்டு நிமிஷம் சும்மா. அதுக்கப்புறம்தான் இடப்பக்கம் திருப்பணும்.

சூடு பேனாவில் மட்டும்தான் இருக்கணும், ஸ்க்ரூவைச் சூடாக்காதீங்க. பேனா பிளாஸ்டிக்கும் கேசட் உடம்பும் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில், 100 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரத்தில் இளகும். இளகின பேனா குழியோட பக்கச்சுவரில் பட்டால் ரெண்டும் ஒட்டிக்கிட்டுக் கல்யாணம் ஆயிடும்.

வெர்னியர் · மார்ச் 4, காலை 7.31

சேர்த்துச் சொல்ல ஒண்ணு. இந்த அச்சு ரெண்டு மூணு ஸ்க்ரூவுக்குத்தான் உழைக்கும். கேசட்டில் ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், பரவாயில்லை. சூப்பர் நின்டெண்டோ மாதிரி கன்சோல்களில் 4.5 மிமீ அளவு, எண்ணிக்கையும் அதிகம், குழியும் ஆழம். அதுக்குப் பேனா வேண்டாம், உலோகப் பிட்டே வாங்கிடுங்க. 3.8, 4.5 ரெண்டும் ஜோடியாத்தான் விற்பாங்க.

கேசட் எதுக்குத் திறக்கறீங்க? பேட்டரி மாத்தவா?

திறக்காத டப்பா · மார்ச் 4, காலை 8.02

ஆமா, ஆட்டத்தோட சேவ் நிக்கலை. சரி, பேனா ஒண்ணுக்குத்தான். அப்போ மத்த மூணுக்கும் என்ன வழி? எல்லாத்துக்கும் சின்னப் பட்டைத் திருப்புளி போட்டு நெம்பினா?

அரம்பிடித்தவன் · மார்ச் 4, காலை 8.40

பேட்டரியை எடுத்த நொடியில் பழைய சேவ் போயிடும், தெரிஞ்சுக்கோங்க. அதில் சிஆர்1616 அல்லது சிஆர்2025 இருக்கும், கால் தகடு பற்றவச்சது. காலோட வர்ற பேட்டரிதான் வாங்கணும். சாதா பட்டன் பேட்டரி மேலே நேரா சாலிடர் வச்சா உள்ளே இருக்கிற சவ்வு சுருங்கிக் கெட்டுப்போகும், சமயத்தில் வெடிக்கவும் செய்யும்.

பட்டைத் திருப்புளி விஷயம். தலையில் எத்தனை கை, அதாவது நடுவிலிருந்து வெளியே நீளுற பள்ளம், இருக்குன்னு எண்ணுங்க. இரட்டைப்படைன்னா பட்டைக்கு வாய்ப்பு உண்டு, ஒற்றைப்படைன்னா பெரும்பாலும் இல்லை.

நட்சத்திர வடிவ டார்க்ஸ் தலைக்கு ஆறு கை. ஒரு கைக்கு நேர் எதிரே இன்னொரு கை. பட்டை முனை ரெண்டு கைக்குள்ளும் நீட்டிப் படுத்துக்கும். டி6 அளவு டார்க்ஸுக்கு முனைக்கு முனை 1.70 மிமீ, அதில் 1.5 மிமீ பட்டை சுமாரா உட்காரும். டி8 2.31, டி10 2.74. அகலம் முக்கியம், தடிமனும் முக்கியம்: கைக்குள் நுழையுற அளவுக்கு மெல்லிசா, ஆனா ஆடாத அளவுக்குத் தடிப்பா.

அஞ்சிதழில் ஒரு கைக்கு எதிரே கை கிடையாது, மேடுதான். பட்டையோட ஒரு முனை பள்ளத்தில், மறு முனை மேட்டில். மேட்டு மேலே ஏறி, தேய்ச்சு, மொட்டையடிச்சிடும். ஜாய்கானில் இருக்கிற மூணு கை ஒய் தலையிலும் இதே கதை.

முறுக்குக்கம்பி · மார்ச் 4, பகல் 1.15

அஞ்சு கைன்னா டார்க்ஸ் பிளஸ் செக்யூரிட்டி பிட் போட்டுப் பார்க்கலாமே, அதுவும் அஞ்சு கைதானே.

வெர்னியர் · மார்ச் 4, பகல் 1.22

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. அந்த அஞ்சு கைப் பிட்டுக்கு நடுவில் ஓட்டை இருக்கும், ஸ்க்ரூவில் நடுவே ஊசி நிக்கும், கையும் சதுரமா இருக்கும். பெரிய அளவு ஸ்க்ரூக்களுக்கானது. ஆப்பிள் போடுற அஞ்சிதழில் கைகள் உருண்டை, ஊசி இல்லை, ஆழமும் குறைவு. அது முதலில் வந்தது 2009 மேக்புக் ப்ரோ பேட்டரியில். அதுக்கப்புறம்தான் போனுக்கு இறங்குச்சு. வழக்கத்தில் இருக்கிற அளவு மூணு: பி2 0.8 மிமீ, ஐபோன் அடிப்பக்கம். பி5 1.2 மிமீ, மேக்புக் ஏர், ரெட்டினா மேக்புக் ப்ரோ அடித்தட்டு. பி6 1.5 மிமீ, அந்த 2009 பேட்டரி.

பி2-க்கு வீட்டு வைத்தியம் கிடையாது. வாங்குங்க. இதில் விவாதமே இல்லை.

அரம்பிடித்தவன் · மார்ச் 4, இரவு 8.55

ஆமாம். ஐபோன் 7-லிருந்து உள்ளே ஒய்000 அளவு ஒய் தலையும் வரும், 0.6 மிமீ. பி2, ஒய்000, பிஎச்000 (சின்ன பிளஸ் முனை) மூணும் ஒண்ணா இருக்கிற பெட்டி எடுத்தா வேலை முடிஞ்சது.

இனி ஜாய்கான். பின்பக்கம் நாலு ஒய்00, ஏறக்குறைய 1.5 மிமீ. இதுக்குக் கையாலே பிட் செய்யலாம். 1.3 மிமீ ஆலன் கீ (அறுகோணக் கம்பிச் சாவி) ஒண்ணு எடுங்க. பக்கத்துக்குப் பக்கம் 1.3-ன்னா மூலைக்கு மூலை 1.5. நமக்கு வேண்டிய வட்டம் அதிலேயே இருக்கு, 120 டிகிரி கோணத்தையும் நாம அளக்கத் தேவையில்லை, ஆறு மூலையில் ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தா போதும்.

நுனியை முதலில் தட்டையாத் தேய்ங்க, ஆலன் கீ நுனி பெரும்பாலும் சரிவா இருக்கும். மார்க்கரால் மூணு மூலையில் கறுப்பு அடிச்சுக்கோங்க, அவை மிஞ்ச வேண்டியவை. மத்த மூணு மூலையையும் 1 மிமீ நீளத்துக்கு வைர அரத்தால் தட்டையாக்குங்க. சாதா அரம் ஆலன் கீ மேலே வழுக்கிட்டுப் போகும், அரத்தோட பல்தான் போகும். இப்போ குறுக்குவெட்டு முக்கோணமா இருக்கும். அடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் அரத்தோட விளிம்பால் நடுவில் குழிவாக்குங்க. மூணு மெல்லிய கை நிக்கணும், ஒவ்வொண்ணும் சுமார் 0.4 மிமீ தடிமன். பத்து இழுப்புக்கு ஒருமுறை ஸ்க்ரூவில் வச்சுப் பாருங்க. கறுப்பு அடிச்ச மூலையைத் தொடவே கூடாது, அது போனா வட்டம் சின்னதாகி கை பள்ளத்தில் ஆட ஆரம்பிக்கும்.

மோட்டார் கல்லில் பிடிச்சுச் சீக்கிரமா முடிக்கலாம்னு தோணும். நுனி நீலமாச்சுன்னா கடினம் போச்சு, முதல் திருப்பிலேயே முறுக்கிக்கும். கையால் தேய்ச்சா சூடே ஏறாது.

திறக்காத டப்பா · மார்ச் 5, காலை 6.50

1.3-ஐ அங்குலத்தில் எதைக் கேட்கணும்? என்கிட்ட இருக்கிற செட்டில் அங்குலக் கணக்குதான்.

வெர்னியர் · மார்ச் 5, காலை 7.05

0.05 அங்குலம். அது 1.27 மிமீ, மூலைக்கு மூலை 1.47. ஓடும். அடுத்த அளவு 1/16, 1.59 மிமீ. அது நுழையாது, ஆனா மூலைகளைக் கொஞ்சம் தேய்ச்சா நுழைய வைக்கலாம். பெரிசைச் சின்னதாக்கலாம், சின்னதைப் பெரிசாக்க முடியாது.

வெர்னியர் · மார்ச் 5, காலை 7.40

காபி குடிக்கும்போது தோணுச்சு. அறுகோணத்தில் ஒண்ணு விட்டு ஒரு மூலையைச் சேர்த்தா வர்ற முக்கோணத்தோட பக்கமும் ஆலன் கீயோட பக்கத்துக்குப் பக்க அளவும் ஒண்ணேதான். 2 மிமீ ஆலன் கீயில் மூணு மூலையைத் தட்டையாக்கினா 2 மிமீ பக்கமுள்ள முக்கோணம். அப்போ சார்ஜருக்கும் வழி கிடைச்சாச்சு, குழிவாக்குற வேலைகூட வேண்டாம்.

அரம்பிடித்தவன் · மார்ச் 5, காலை 9.10

கச்சிதம். ஆனா அளக்கும்போது ஏமாறாதீங்க. காலிப்பரை முக்கோணக் குழியில் வச்சா பெரும்பாலும் மூலையிலிருந்து எதிர்ப்பக்கம் வரைக்கும், அதாவது உயரம்தான் கிடைக்கும். அதை 1.155-ஆல் பெருக்கினாத்தான் பக்கம். உயரம் 2 வந்தா பக்கம் 2.3. குழி ஆழத்தில் இருந்து காலிப்பர் போகலைன்னா, பிள்ளைகள் விளையாடுற களிமண்ணைக் குச்சி நுனியில் வச்சு, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி அழுத்தி எடுங்க. அச்சை வெளியில் வச்சு அளக்கலாம். தாள் இல்லேன்னா களிமண் குழியிலேயே தங்கிடும்.

முக்கோணத்துக்கு இன்னொரு வழி, இதைவிடச் சுலபம்: முக்கோண ஊசி அரம். ஏற்கெனவே சமபக்கம், ஏற்கெனவே கடினம். நுனியிலிருந்து பருமன் ஏறிக்கிட்டே போகும். வேண்டிய அகலம் வர்ற இடத்தில் துணி சுத்தி இடுக்கியால் உடைச்சு, உடைஞ்ச முகத்தைக் கல்லில் தட்டையாக்கினா பிட் ரெடி. கண்ணாடி போட்டுக்கிட்டு உடைங்க, அர எஃகு சில்லு சில்லாத்தான் சிதறும்.

முறுக்குக்கம்பி · மார்ச் 5, காலை 11.30

அதே சில்லு குணம் திருப்பும்போதும் உண்டு. ஊசி அரத்துக்குக் கடினம் அதிகம், வளையுற குணம் குறைவு. இறுகின ஸ்க்ரூவில் மூலை பொரிஞ்சு போகும். நுனியிலிருந்து ஒரு செமீ தள்ளி, தண்டை லேசாச் சூடு காட்டி, தேய்ச்சு மினுக்கின உலோகத்தில் வைக்கோல் மஞ்சள் நிறம் நுனி வரைக்கும் ஓடினதும் நிறுத்துங்க. 220, 230 டிகிரி இருக்கும். பழுப்பு தாண்டி நீலம் வந்தா அதிகமாப் போச்சு.

வெர்னியர் · மார்ச் 5, காலை 11.48

நான் சொன்ன ஆலன் கீயே பரவாயில்லைன்னு இப்போ தோணுது. அது வளையும், உடையாது.

சார்ஜர் திறக்கிறவருக்கு: பிளக்கிலிருந்து எடுத்த உடனே கை வைக்க வேண்டாம். 230 வோல்ட் மின்சாரத்தில் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டர் 325 வோல்ட் வரைக்கும் ஏறி நிக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதோட ரெண்டு காலிலும் பத்து விநாடி வச்சு, அப்புறம் மீட்டரில் பூஜ்யம் பார்த்துட்டு வேலை. திருப்புளியால் குறுக்கே தொட்டு "டப்"னு அடிக்கிறது வீரம் இல்லை, திருப்புளி முனையும் போகும், போர்டும் போகும்.

திறக்காத டப்பா · மார்ச் 6, இரவு 10.20

கேசட் திறந்தாச்சு, பேனாவாலேயே. ஜாய்கானில் மூணு வந்துச்சு. நாலாவது மொட்டை. அரைச்ச ஆலன் கீ நல்லாத்தான் இருக்கு, அதுக்கு முன்னாடி பொறுமையில்லாம பட்டை போட்டுப் பார்த்துட்டேன்.

முறுக்குக்கம்பி · மார்ச் 6, இரவு 10.24

ஸ்க்ரூவுக்கு மரை கழலலை, உங்களுக்குத்தான்.

அரம்பிடித்தவன் · மார்ச் 6, இரவு 11.10

மொட்டைக்கு வரிசை இருக்கு, மேலேயிருந்து கீழே போங்க.

முதலில் அழுத்தம். சின்ன ஸ்க்ரூவில் பலத்தில் முக்கால்வாசிக்கு மேல் கீழ்நோக்கி அழுத்தறதுக்கு, மிச்சம்தான் திருப்பறதுக்கு. பிட் மேலே ஏறி வழுக்கறதாலதான் மொட்டையே ஆகுது.

அடுத்து மணல் பிடிப்பு. வால்வு தேய்க்கிற பேஸ்ட்டில் ஊசிமுனை அளவு பிட் நுனியில். துகள் ரெண்டு உலோகத்துக்கும் நடுவில் கடிச்சுக்கும். கழன்றதும் ஆல்கஹாலில் துடைச்சிடணும், அந்தத் துகள் பட்டன் அடியிலோ ஜாய்ஸ்டிக் உள்ளேயோ போனா அரைச்சுக்கிட்டே இருக்கும்.

அடுத்துச் சூப்பர் குளூ. தலையை ஆல்கஹாலால் துடைச்சு உலர விடுங்க. பிட் நுனியில் ஒரு சின்னப் புள்ளி, அதிகப்படியை வழிச்சிடணும். குழியில் நிறுத்தி ஒரு ராத்திரி அசையாமல் விடுங்க. அஞ்சு நிமிஷத்தில் ஒட்டின மாதிரித்தான் இருக்கும், முறுக்கு தாங்காது. பசை தலையோட விளிம்பைத் தாண்டி வழிஞ்சா ஸ்க்ரூவை உடம்போட சேர்த்து ஒட்டிடும், பழைய கதையைவிட மோசம். வெளியே வந்த பிட்டிலிருந்து ஸ்க்ரூவைப் பிரிக்க அசிட்டோன் போதும், ஆனா அதைக் கன்ட்ரோலர் பக்கமே கொண்டு வராதீங்க, உடம்பு பிளாஸ்டிக் கரையும்.

கடைசியா, கழன்ற மூணு ஸ்க்ரூவையும் எடுத்துட்டதால மூடியோட மறுபக்கம் லேசாத் தூக்கும். அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே திருப்பினா தலைக்கு அடியில் இழுவை விழுந்து சில சமயம் தானா வந்துடும். கொஞ்சம்தான் தூக்கணும், உள்ளே பட்டை கேபிள் ரெண்டு பாதியையும் இணைச்சிருக்கும்.

வெர்னியர் · மார்ச் 7, காலை 7.15

சுழல் வெட்டுக்கல்லால் தலையில் கோடு போடறதைச் சொல்லாம விட்டது நல்லது. குழிக்குள்ளே இருக்கிற தலைக்குக் கல் எட்டாது, எட்டினாலும் இரும்புத் தூள் ஸ்டிக்குக்குள்ளேயும் காந்தம் இருக்கிற இடத்திலேயும் போய் ஒட்டிக்கும். வெளியே துருத்திக்கிட்டிருக்கிற தலைன்னா சரி, சுத்தி டேப் ஒட்டிட்டு 0.4 மிமீ ஆழம் போதும்.

முறுக்குக்கம்பி · மார்ச் 7, காலை 9.00

நடுவில் ஊசி நிக்கிற டார்க்ஸைப் பத்தி யாரும் பேசலை. எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் அஞ்சு டி8, எல்லாத்திலும் ஊசி, ஒண்ணு பேட்டரி அறையில் ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிஞ்சிருக்கும். ஊசியைச் சுத்தியால் தட்டி உடைக்கிறவங்க உண்டு. உடைஞ்ச துண்டு போர்டு மேலே விழுந்தா ரெண்டு தடத்தை இணைச்சிடும். பதிலா 2.2 மிமீ பட்டைத் திருப்புளியோட நடுவில் ஊசி நுழையுற அளவு பள்ளம் வைர அரத்தால் போட்டா ஆறு கைக்கும் அதே இரட்டைப்படை விதி ஓடும். வாங்கறதா இருந்தா ஓட்டை உள்ள பிட்டாவே வாங்குங்க, ஊசியில்லாத தலைக்கும் அது போதும். நடுவில் ஓட்டை இருக்கிறதால கொஞ்சம் பலம் குறைவு, டி6-க்குக் கீழே அந்த வித்தியாசம் தெரியும்.

வெர்னியர் · மார்ச் 7, மாலை 6.30

பிட் வாங்குறவங்க தண்டு நீளத்தையும் பாருங்க. 4 மிமீ அறுகோணத் தண்டுப் பிட் பெரும்பாலும் 28 மிமீ நீளம்தான். ஆழக் குழியில் பிட் எட்டும், அதைப் பிடிக்கிற கைப்பிடி எட்டாது. 6.35 மிமீ தண்டு குழிக்குள்ளேயே போகாது.

அப்புறம் பிளஸ் தலைன்னு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுடாதீங்க. ஜப்பான் கேமரா, பழைய வாக்மேன் மாதிரியானவற்றில் ஜேஐஎஸ், அதாவது ஜப்பான் தரத்துப் பிளஸ் தலை. அதில் சாதா பிலிப்ஸ் முனை அடி வரைக்கும் உட்காராது, ஏறி வழுக்கும். தலையில் சின்னப் புள்ளி இருந்தா ஜேஐஎஸ்னு எடுத்துக்கலாம், புள்ளி இல்லாததும் உண்டு. பிலிப்ஸ் பிட்டோட கூர் நுனியை ஒரு கால் மிமீ தட்டையாத் தேய்ச்சா ஓரளவு உட்காரும்.

திறக்காத டப்பா · மார்ச் 8, இரவு 7.45

பசை வேலை செஞ்சுது, ராத்திரி முழுக்க விட்டேன். நாலும் வெளியே. மொட்டை ஆனதுக்குப் பதிலா பிளஸ் தலை ஸ்க்ரூ போட்டா ஆகுமா?

அரம்பிடித்தவன் · மார்ச் 8, இரவு 8.20

ஆகும். மூணு அளவு பாருங்க: புரியோட வெளிவிட்டம், தலைக்குக் கீழே நீளம், தலையோட தடிமன். அதோட புரியோட நெருக்கத்தையும் பாருங்க. அகலமா, கூரா இருந்தா பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கிற ரகம். நெருக்கமா இருந்தா உள்ளே உலோக மரை இருக்கு. ஒண்ணை இன்னொண்ணில் போட்டா ரெண்டில் ஒண்ணு சாகும். நீளம் கால் மிமீ குறையலாம், கூடக் கூடாது. போன்களில் நீள ஸ்க்ரூ அடியில் இருக்கிற போர்டுத் தடத்தையே வெட்டிடும், அதனால எந்த ஸ்க்ரூ எந்தக் குழின்னு காகிதத்தில் படம் வரைஞ்சு டேப்பால் ஒட்டி வைங்க.

போடும்போது முதலில் இடப்பக்கமாத் திருப்புங்க. ஒரு இடத்தில் "டிக்"னு கீழே விழும், பழைய மரையோட வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம். தலை தொட்டதும் கால் சுத்து, அதோட நிறுத்துங்க.

திறக்காத டப்பா · மார்ச் 8, இரவு 9.02

டிக் கேட்டுது. ஐபோனுக்கு பி2 பிட் ஆர்டர் சொல்லியாச்சு.